பழைய மோட்டார் வாங்கிய கதை

நம் தாயாருக்கு வயது எழுபத்து மூன்று. பஸ்ஸின் படியில் கால் வைப்பதற்கு முன் அவர் வலது முழங்காலை ஒரு முறை தடவிக் கொள்வார், இடது முழங்காலை ஒரு முறை தடவிக் கொள்வார், பிறகு, "அப்பனே, அறப்பளீசுவரா!" என்பார். இவ்வளவும் ஆவதற்குள் கண்டக்டர் விசில் ஊதி, பஸ் புறப்பட்டுவிடும். அறப்பளீசுவரர் எந்தப் பஸ்ஸையும் நிறுத்தி வைத்ததாக நமக்கு ஞாபகம் இல்லை.

நமக்கு வாசம் திருச்சிராப்பள்ளி. குடும்பத்தின் வேண்டுதல் ஸ்தலமோ கொல்லிமலையின் மேல் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலை ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. வீட்டில் ஆட்கள் ஏழு பேர்: நாம், நம் மனைவி, தாயார், தமக்கை, தமக்கையின் பெண், நம் குழந்தைகள் இருவர். அப்போது நம்மிடம் இருந்ததோ ஐந்து பேர் உட்காரும் ஒரு சின்னக் கார். 2021-ம் வருஷம் தீபாவளியன்று அந்தக் காரில் ஏழு பேரும், ஒரு பலகாரக் கூடையும், ஒரு தூக்குப் பாத்திரமும் பிரயாணம் செய்தோம். இறங்கும்போது யாருடைய கால் யாருடையது என்று பிரித்தறிவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. அன்று இரவே பெரிய வண்டி வாங்குவது என்று தீர்மானம் ஆயிற்று.

இக்காலத்தில் பெரிய வண்டிக்கு எஸ்.யூ.வி. என்று பெயர். விளையாட்டுக்கும் உபயோகத்துக்கும் உரிய வாகனம் என்பது அந்த மூன்று எழுத்துக்கும் பொருளாம். நம் தேசத்தில் அதன் உபயோகத்தைத்தான் ஜனங்கள் கண்டுகொண்டார்கள். 1994-ம் வருஷத்தில் டாட்டா ஸூமோ வந்தது. அந்தப் பெயர் மல்யுத்த வீரரிடமிருந்து வந்ததல்ல, அந்தக் கம்பெனியை வளர்த்த ஸுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்தது. 2000-ல் குவாலிஸும், 2002-ல் ஸ்கார்ப்பியோவும், 2005-ல் இன்னோவாவும் வந்தன. கல்யாணத்துக்குப் போவதற்கும், ஐயப்பன் மலைக்குப் போவதற்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் ஏழெட்டுப் பேரை ஒன்றாக ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. மாட்டு வண்டி இருந்த ஸ்தானத்தை அவை பிடித்துக் கொண்டன என்றால் மிகையாகாது.

ஆனால், புதிய வண்டியின் விலையை விசாரித்தபோது நமக்கு நாக்கு வறண்டு போயிற்று. வண்டிக்கு ஒரு விலை. ஸர்க்காருக்கு ஆயுள் வரி ஒரு விலை. இன்ஷூரன்ஸுக்கு ஒரு விலை. மொத்தம் பதினைந்து லக்ஷத்தைத் தாண்டிவிட்டது. நம் கையில் இருந்தது ஐந்தரை லக்ஷம். "பாக்கிக்குக் கடன் வாங்குகிறதுதானே?" என்றார் நண்பர் ஒருவர். ஏழு வருஷ காலம் மாதா மாதம் தவணை கட்டி முடிக்கும்போது வண்டியும் கிழமாகியிருக்கும், நாமும் கிழமாகியிருப்போம். வண்டி மட்டுமாவது முதலிலேயே கிழமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

*

பழைய வண்டி வாங்கக் கிளம்பிய பிறகு நாம் தெரிந்துகொண்ட முதல் உண்மை, தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகள் யாவும் டாக்டர்களுடையவை என்பதே. "டாக்டர் வண்டி, ஸார்! வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும்தான் ஓடியது" என்று தரகர்கள் சொல்கிறார்கள். இத்தனை டாக்டர்கள் இருந்தும் நாட்டில் வியாதி குறையாதது ஆச்சரியந்தான்.

அப்படி ஒரு டாக்டர் வண்டியை நாம் பார்க்கப் போனோம். 2014-ம் வருஷத்து வண்டி. வெள்ளை வெளேரென்று மின்னிற்று. சக்கரங்களுக்கெல்லாம் கறுப்பு மை பூசி, உள்ளே மல்லிகை வாசனை தெளித்து, கல்யாணப் பெண்ணைப்போல் நிறுத்தி வைத்திருந்தார்கள். மீட்டர் 78,000 கிலோமீட்டர் காட்டிற்று. விலை ஆறேகால் லக்ஷம். "உங்களுக்காக" ஆறு லக்ஷம். கையில் இருப்பதைவிட அரை லக்ஷம் அதிகந்தான். ஆனாலும், எண்பதாயிரங்கூட ஓடாத வண்டிக்கு அந்த அரை லக்ஷத்தை எப்படியாவது புரட்டிவிடலாம் என்று மனது கணக்குப் போட்டுக் கொண்டது.

நல்ல வேளையாக, நம் சின்னக் காரைப் பல வருஷங்களாகப் பார்த்து வரும் மெக்கானிக் பாயையும் கூட அழைத்துப் போயிருந்தோம். அவர் வண்டியின் மினுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். "ஸார், இதைத் தடவிப் பாருங்கள்" என்றார். பெடலின் மேலிருந்த ரப்பரில் வரிகளே இல்லை. கூழாங்கல்லைப்போல் வழவழவென்று இருந்தது. ஸ்டியரிங் வளையமும் அப்படியே. டிரைவர் ஸீட்டின் ஓரம் நைந்திருந்தது. "எண்பதாயிரம் ஓடின வண்டிக்கு இவ்வளவு தேய்மானம் வராது, ஸார்" என்றார் பாய்.

பிறகு பானெட்டைத் திறந்து, ஒரு மூலையில் விளக்கை அடித்துக் காட்டினார். எப்போதோ எண்ணெய் மாற்றிய பட்டறைக்காரர் ஒட்டிய சிறு சீட்டு ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கின் கீழே ஒளிந்து கொண்டிருந்தது. 'அடுத்த ஆயில் 1,65,000' என்று அதில் எழுதியிருந்தது.

தரகர் சற்றும் கலங்கவில்லை. "அது வேறு வண்டிச் சீட்டு, ஸார். பையன் மாற்றி ஒட்டிவிட்டான்" என்றார்.

"பெடலையும் பையன்தான் மாற்றி ஒட்டினானா?" என்று பாய் கேட்டார்.

நாங்கள் திரும்பி வந்தோம். வழியில் பாய் விளக்கினார். முன் காலத்து மீட்டரில் பல் சக்கரங்கள் இருந்தன. அவற்றைத் திருப்புவதற்கு மீட்டரைக் கழற்ற வேண்டும். இப்போது எண்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒரு சிறு கருவியைச் செருகினால் சில நிமிஷத்தில் லக்ஷம் கிலோமீட்டர் மறைந்துவிடும். இளமையைத் திரும்பப் பெற யயாதி மகாராஜன் பெற்ற பிள்ளையிடம் கையேந்தினான். மோட்டாருக்கு அவ்வளவு சிரமம் இல்லை; ஒரு ஒயர் போதும்.

*

பிறகு இரண்டு மாத காலம் பாய் நமக்குக் குருகுல வாசம் நடத்தினார். அங்கே கற்றதில் முக்கியமானவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம். பழைய வண்டி தேடும் குடும்பஸ்தர்களுக்கு உபயோகப்படலாம்.

வண்டி பார்க்கப் போனதும் பானெட்டின் மேல் கையை வைக்க வேண்டும். சூடாயிருந்தால், நாம் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; காலையில் குளிர்ந்திருக்கும்போதுதான் டீஸல் இஞ்சின் தன் நோயை மறைக்காமல் சொல்லும். புகை கறுப்பாக வந்தால் டீஸல் சரியாக எரியவில்லை. நீலமாக வந்தால் இஞ்சின் தன் எண்ணெயையே குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடிப்புறத்தில் பால் காப்பி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தாலும் அதே வியாதிதான். இஞ்சின் ஓடும்போது அந்த மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கக் கூடாது. அடித்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து போயின.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் வருஷத்தின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்த டயர். மீட்டர் பொய் சொல்லலாம். டயர் பொய் சொல்லாது. கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்த்து, ஸீட்டின் தண்டவாளத்தில் துருவும் வண்டலும் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். 2015-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் சென்னை மூழ்கியபோது எத்தனையோ வண்டிகளும் கூடவே மூழ்கின. வெள்ளத்தில் நனைந்த வண்டியை வெளியே துடைத்துவிடலாம், உள்ளேயிருக்கும் ஒயர்களைத் துடைக்க முடியாது.

'டில்லி வண்டி' என்றும் ஒரு ஜாதி உண்டு. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகள் தலைநகர்ப் பிரதேசத்தில் ஓடக் கூடாதென்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது; 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை நிலைநிறுத்தியது. அதனால் அங்கே விலை சரிந்த வண்டிகள் தெற்கே வரலாயின. விலையைக் கேட்டால் வாயில் நீர் ஊறும். ஆனால், இங்கே மறுபடியும் பதிவு செய்து, வரி கட்டி, அங்கிருந்து தடையில்லாச் சான்றும் வாங்கி முடிப்பதற்குள் ஊறின நீர் வற்றிவிடும்.

கடைசியாகப் பாய் ஒன்று சொன்னார்: "ஸார், கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டீஸல் வண்டிக்கு இரண்டு லக்ஷம் பெரிதில்லை. ஓட்டினவன் யார் என்று பாருங்கள். நாம் வாங்குகிறது வண்டியை இல்லை, அவனுடைய பழக்கத்தை."

*

2022-ம் வருஷம் ஜனவரி மாதம் கரூரில் ஒரு ஜவுளி வியாபாரியின் வீட்டு வாசலில் அந்த வண்டியைக் கண்டோம். 2012 மார்ச்சில் பதிவானது. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். வாசனை கிடையாது, மினுக்குக் கிடையாது, இடது கதவில் ஒரு கீறல் இருந்தது. மீட்டர் காட்டிய எண் 2,38,400. பூமியை ஏறக்குறைய ஆறு முறை சுற்றி வந்த தூரம்! சந்திர மண்டலத்துக்குப் போகும் வழியில் பாதியைத் தாண்டிய தூரம்! நம் மனைவி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை.

வியாபாரி உள்ளே போய், நீளமான ஒரு கணக்கு நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே, பேரேட்டில் எழுதுவதுபோல், தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு என்று நான்கு பத்திகள். பத்து வருஷங்களாக மாற்றிய ஒவ்வொரு எண்ணெயும், ஒவ்வொரு பில்டரும், ஒவ்வொரு பிரேக் ஷூவும் அதில் இருந்தன. 61,200-ல் கிளட்ச் பிளேட். 1,12,000-ல் நான்கு டயர். 1,49,800-ல் டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்பு உள்பட. ஓரிடத்தில், 'டிரைவர் கல்லில் ஏற்றிவிட்டான். முன் சக்கரம் அலைன்மெண்ட்' என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், 'இடது லோயர் ஆர்ம் புஷ் சப்தம் செய்கிறது; மாற்ற வேண்டும்' என்று கண்டிருந்தது.

பாய் வண்டியின் அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தார். மூன்றாவது கியரில் போட்டு, கைப் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச்சை மெதுவாக விட்டார். இஞ்சின் உடனே திணறி நின்றது. ஆகவே கிளட்ச் வழுக்கவில்லை. எழுந்து வந்து நம் காதோடு, "நோட்டில் இருப்பதுதான் வண்டியிலும் இருக்கிறது" என்றார். பிறகு, "நாலு லக்ஷத்து அறுபது கேட்கிறார், லோயர் ஆர்மைச் சொல்லிக் குறையுங்கள்" என்று யோசனையும் சொன்னார்.

நாம் லோயர் ஆர்மைச் சொன்னோம். வியாபாரி சிரித்தார்.

"அதை எழுதினவனே நான்தானே, ஐயா? அதற்குக் கழித்துக் கொண்டுதான் இந்த விலை சொன்னேன்" என்றார்.

அதற்கு மேல் பேரம் பேச நமக்கு வாய் வரவில்லை.

காகித விஷயத்தில் அவர் நம்மைவிடக் கண்டிப்பானவராக இருந்தார். பாங்குக் கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சியும் படிவம் 35-ம் கொண்டு அடமானக் குறிப்பை நீக்கி வைத்திருந்தார். படிவம் 29-ம் 30-ம் கையெழுத்தாகிப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அதில் நியாயம் இருக்கிறது. விற்றவர் பதினான்கு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகிறது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்று 2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பணத்தை எண்ணிவிட்டு, பெயரை மட்டும் விட்டுவைப்பவர்கள், பிறர் கையில் தம் தலையைக் கொடுத்தவர்கள் ஆகிறார்கள்.

புறப்படும்போது வியாபாரி நோட்டை நம் கையில் வைத்து, "எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

*

பழைய வண்டியை வாங்குவதற்கு ஒரு விலை. அதைத் தன் வண்டியாக்கிக் கொள்வதற்கு ஒரு விலை. கையிலிருந்த ஐந்தரை லக்ஷத்தில் மிச்சமான பணத்தைத் தொடக் கூடாதென்று பாய் முன்னமே சொல்லியிருந்தார். முதல் வாரத்திலேயே அதில் நாற்பதாயிரம் கரைந்தது. இஞ்சின் ஆயில், கியர் ஆயில், பின்னால் கிரௌன் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டரின் கூலண்ட், டீஸல் பில்டர், காற்றுப் பில்டர் எல்லாவற்றையும் மாற்றினோம். லோயர் ஆர்மும் மாறிற்று. நோட்டில் அது நமது முதல் பதிவு.

அது முதல் சில விரதங்களையும் மேற்கொண்டோம். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதில்லை. உள்ளே துருவும் உப்பும் படிந்து இஞ்சின் கொதிப்பதற்கு அதுவே காரணம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புள்ளது. ஆகையால், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவோம். ஈரமுள்ள ஆயில் மலை இறக்கத்தின் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டால், பெடல் பஞ்சுபோல் இறங்கிவிடும். மலையில் ஏறிய கியரிலேயே இறங்குவோம். பிரேக்கின் மேல் காலை வைத்துக் கொண்டே இறங்குவதில்லை. நெடுந்தூரம் ஓடி நின்றால், இஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிஷம் ஓடவிடுவோம். வேகமாகச் சுழன்ற டர்போவின் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டுமல்லவா? டீஸல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்து விடுவோம். நம் மூத்த குழந்தைக்கு இந்த வேலை மிகவும் பிரியம்.

தாயார் வண்டிக்குக் 'கிழவன்' என்று பெயர் வைத்தார். கிழவனின் படி உயரமாக இருந்ததால், பாய் இரும்பில் ஒரு சிறு படி அடித்துப் பொருத்திக் கொடுத்தார். தாயார் முழங்காலைத் தடவாமலே அதில் ஏறி உட்கார்ந்த நாளில், கொடுத்த பணம் அத்தனையும் வசூலாகிவிட்டது என்று நமக்குத் தோன்றியது.

*

இனிச் சொல்லப் போவது நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

2023-ம் வருஷம் ஆவணி மாதம் நம் இளைய பெண்ணுக்குக் கொல்லிமலையில் காது குத்துவதாக ஏற்பாடு. பந்துக்களுக்குச் சாப்பாடு, புதுத்துணி, தோடு என்று செலவு ஏறிக்கொண்டே போயிற்று. வண்டியோ 2,51,300-ஐ எட்டியிருந்தது. டைமிங் பெல்ட்டை லக்ஷம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது அந்த வண்டிக்குக் கம்பெனிப் புத்தகம் விதித்திருக்கும் கெடு. முன்பு மாற்றியது 1,49,800-ல். கெடு தாண்டி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது என்பது நமக்குத் தெரியும். பெல்ட், அதன் உருளைகள், தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்ந்து பதினெட்டாயிரம் ஆகும் என்று பாய் சொல்லியிருந்தார். "விசேஷம் முடியட்டும், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று நாம் தள்ளிப் போட்டோம்.

பிரயாணத்துக்கு நான்கு நாள் முன்பு, டயருக்குக் காற்று அடித்த கணக்கை எழுதுவதற்காக நம் மனைவி நோட்டை எடுத்தாள். எடுத்தவள் முன் பக்கங்களைப் புரட்டினாள். சிறிது நேரம் பேச்சில்லை.

"ஏங்க, இந்த 1,49,800-க்குப் பிறகு பெல்ட் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

"இன்னும் மாற்றவில்லை. வந்து மாற்றிக் கொள்ளலாம்."

"அந்தக் கரூர்க்காரர் எதையாவது வந்து மாற்றிக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாரா?"

மறுநாள் காலையில் வண்டி பாயின் பட்டறையில் நின்றது. முன்புற மூடியைக் கழற்றி, அந்த ரப்பர் வாரை எடுத்து நம் கையில் கொடுத்தார். பின்புறம் மடித்தால் மெல்லிய வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு பல் பாதி தேய்ந்திருந்தது. பின்னால் இருந்த தண்ணீர்ப் பம்பு கசிந்து அதன் ஓரத்தை நனைத்திருந்தது.

இது அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டோம். பாய் விரல்களால் செய்து காட்டினார். பிஸ்டன்கள் மேலே வரும்போது வால்வுகள் விலகிக் கொள்ள வேண்டும். அந்தத் தாளத்தைக் காப்பது இந்த வார்தான். அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும்; வால்வுகள் வளையும்; இஞ்சின் அந்த க்ஷணமே நிற்கும். "அது போகட்டும், ஸார், பணத்தோடு போகும்" என்றார். "இஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி செய்யும் வெற்றிட இழுவையும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதி வரை பிடிக்கும். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். தரையில் என்றால் ஓரங்கட்டிவிடலாம். நீங்கள் போகிற இடத்தில் எழுபது வளைவு இருக்கிறது, ஸார்."

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. நாம் அந்தப் பெல்ட்டைக் கையில் வைத்துக் கொண்டு சிறிது நேரம் நின்றோம். பின் ஸீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுக்கும், "அறப்பளீசுவரா!" என்று சொல்லிக் கொண்டு வரும் தாயாரை நினைத்துக் கொண்டோம். தோட்டுக்கென்று வைத்திருந்த பணம் பெல்ட்டுக்குப் போயிற்று. குழந்தைக்கு வாங்கிய தோடு சற்றுச் சிறியதாக அமைந்தது. அதில் ஒரு குறையும் இருப்பதாக இதுவரையில் யாரும் சொல்லவில்லை.

*

2025-ம் வருஷக் கடைசியில் கிழவனை விற்றுவிடலாமா என்று ஒரு யோசனை பிறந்தது. 2027 மார்ச்சில் பதினைந்து வருஷம் பூர்த்தியாகிறது. பிறகு பரிசோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் விற்றால் விலை கிடைக்கும் என்றார்கள். தரகர் ஒருவர் வந்து பார்த்தார். மீட்டரில் 2,74,000.

"இப்படியே என்றால் இரண்டே முக்கால் லக்ஷம், ஸார். நீங்கள் சரி என்றால் 1,20,000 ஆக்கிவிடலாம். அரை மணி வேலை. நாலு லக்ஷத்துக்கு நான் பொறுப்பு" என்றார்.

'சீ!' என்று அவரை உடனே விரட்டியதாக எழுத ஆசைதான். ஆனால், வாஸ்தவம் அப்படியில்லை. "யோசித்துச் சொல்கிறோம்" என்றுதான் சொன்னோம். ஒன்றேகால் லக்ஷம் லேசான தொகையா? அன்றிரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, நோட்டை எடுத்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம். மீட்டரைத் திருப்பினால் இந்த நோட்டை வாங்குபவரிடம் கொடுக்க முடியாது, கொளுத்திவிட வேண்டும். அது முதலில் தோன்றிய சங்கடம்.

பிறகு, பாய் நமக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நாம் பெல்ட் மாற்றியது 2,51,300-ல். அடுத்த கெடு 3,51,300. மீட்டரை 1,20,000-க்குத் திருப்பினால், வாங்குகிற மனிதர் என்ன நினைப்பார்? லக்ஷத்தில் பெல்ட் மாற்றியாயிற்று, இனி இரண்டு லக்ஷத்தில் மாற்றினால் போதும் என்று நினைப்பார். அவருடைய மீட்டர் இரண்டு லக்ஷத்தைக் காட்டும்போது வண்டி உண்மையில் 3,54,000 ஓடியிருக்கும். பெல்ட்டின் கெடு அதற்கு முன்பே முடிந்திருக்கும். அவரும் குறிப்புப் பார்க்கிறவராக, நம்மைவிட ஒழுங்கானவராகவே இருக்கட்டும். அவருடைய ஒழுங்கே அவரைக் கெடுக்கும். அவருக்கும் ஒரு தாயார் இருக்கலாம். அந்த அம்மாளுக்கும் மலை மேல் ஒரு வேண்டுதல் இருக்கலாம்.

மீட்டரைத் திருப்புவது விலையில் செய்யும் மோசம் என்றுதான் அதுவரையில் எண்ணியிருந்தோம். அடுத்தவன் எப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் மணியையே அது நிறுத்திவிடுகிறது என்பது அன்றிரவுதான் புத்தியில் உறைத்தது.

காலையில் தரகருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னோம். நம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "இரண்டே முக்கால் லக்ஷத்துக்கு இப்படி ஒரு வண்டி வேறு எங்கே கிடைக்கும்? நாமே வாங்கிக் கொள்ளலாம்" என்றாள். அப்படியே செய்தோம். அதாவது, கிழவனை நமக்கே விற்றுக் கொண்டோம். தரகுக் கூலி மிச்சம்.

ஆயுத பூஜையன்று கிழவனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கும்போது, கரூர் வியாபாரிக்கு ஒரு முறை போன் செய்வது நம் வழக்கமாகிவிட்டது. அவர் நம் சௌக்கியத்தை முதலில் விசாரிப்பதில்லை. "இப்போது எவ்வளவு காட்டுகிறது?" என்பார். எண்ணைச் சொல்லுவோம். "நோட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறதா?" என்பார்.

இன்னும் பதினெட்டுப் பக்கம் இருக்கிறது.